மிலிட்டரி பிராஸ்ல பிரைமர் ஏற மாட்டேங்குது, பாக்கெட்ட என்னதான் பண்ணணும்?

புது_ப்ரெஸ்

எல்லாருக்கும் வணக்கம். சுட்ட தோட்டாக் கூட்ட திரும்ப லோட் பண்ண ஆரம்பிச்சிருக்கேன். 5.56 மிலிட்டரி பிராஸ் (பித்தளைக் கூடு, கேஸ்னும் சொல்வாங்க), ஒருதடவ சுட்டது, பல ஹெட்ஸ்டாம்ப் (அடில இருக்கற கம்பெனி முத்திரை) கலந்துகட்டி கெடச்சிருக்கு. டீகேப் பண்ணி (பழைய பிரைமர தள்ளி எடுத்து), சைஸ் பண்ணி (பழைய அளவுக்கு கொண்டாந்து), டம்ப்ளர்ங்கற சுத்தற மெஷின்ல போட்டு பளபளன்னு எடுத்தாச்சு. பிரச்சன என்னன்னா பிரைமர் (கூட்டோட அடில பாக்கெட்ங்கற குழில உக்காந்து பவுடர பத்தவைக்கற சின்ன மூடி) ஏத்தும்போது சிலதுல வழுக்கிட்டு போகுது, சிலதுல பாதிலயே நிக்குது, அழுத்தினா பிரைமரோட ஓரம் நசுங்கி சாஞ்சாப்ல உக்காருது. ஹேண்ட் ப்ரைமர்தான் யூஸ் பண்றேன். ஒரு வீடியோல பாக்கெட்ட யூனிஃபார்ம் பண்ணணும் (ஒரே ஆழமாக்கணும்)ங்கறாங்க, இன்னொன்னுல ஃப்ளாஷ் ஹோல (பாக்கெட்லருந்து பவுடருக்கு நெருப்பு போற ஓட்டைய) டீபர் பண்ணணும் (பிசிறு எடுக்கணும்)ங்கறாங்க, மூணாவது ஆளு க்ளீன் பண்ணவே வேணாம்ங்கறார். ஒவ்வொண்ணுக்கும் ஒரு டூல் இருக்கு, ஒவ்வொண்ணும் காசு. எது உண்மையிலயே வேணும், எது இல்லாமலும் நடக்கும்னு அனுபவப்பட்டவங்க சொன்னா புண்ணியமா போகும்.

ரெண்டாம்_சுத்து

கிரிம்ப். வேற ஒண்ணும் இல்ல தம்பி.

மிலிட்டரி தோட்டால பிரைமர் ஆட்டோமேட்டிக் துப்பாக்கில சுடும்போது பின்னால கழண்டு வந்துரக் கூடாதுன்னு பாக்கெட் வாய சுத்தி பித்தளைய உள்பக்கமா அமுக்கி விட்டிருப்பான். பழைய பிரைமர தள்ளி எடுத்தாலும் அந்த அமுக்கின விளிம்பு அங்கயேதான் இருக்கும், புது பிரைமர் போய் அதுல முட்டுது, நீ அழுத்துற, அது நசுங்குது. வழுக்கிட்டு போற கேஸ் எல்லாம் கிரிம்ப் இல்லாத கமர்ஷியல் பிராஸா இருக்கும், இல்லன்னா உனக்கு முன்னாடியே யாரோ கிரிம்ப எடுத்து ஒரு சுத்து லோட் பண்ணினதா இருக்கும்.

மொதல்ல அழுத்துறத நிறுத்து. முட்டுற பிரைமர பலம் போட்டு தள்றது இந்த மொத்த வேலையிலயே மோசமான பழக்கம்.

கேலிப்பர்_கை

மேல சொன்னது சரி. எப்படி கண்டுபிடிக்கறதுன்னு மட்டும் சேத்துக்கறேன். ஒரு நல்ல வெளிச்சத்துல கேஸ் ஹெட்ட (அடித்தட்ட) பாருங்க. கமர்ஷியல் கேஸ்ல பாக்கெட் வாய்ல ஒரு சின்ன உருண்ட சரிவு இருக்கும், பிரைமர் அதுல வழிகாட்டி உள்ள போகும். ரிங் கிரிம்ப் போட்ட கேஸ்ல அந்த சரிவு இருக்காது, விளிம்பு கூரா நிக்கும், சுத்தி ஒரு வட்டமான அமுக்கல் தடம் தெரியும். இன்னொரு வகை ஸ்டேக் கிரிம்ப், அதுல வட்டம் முழுசா இருக்காது, மூணு நாலு எடத்துல உளியால குத்தின மாதிரி தடம் இருக்கும்.

வட்டத்துக்குள்ள சிலுவை போட்ட நேட்டோ முத்திரை, எல்சி (லேக் சிட்டி ராணுவ ஆலை) எழுத்து இதெல்லாம் பாத்தா கிரிம்ப் இருக்குன்னே வச்சுக்கோங்க. ஆனா முத்திரைய மட்டும் நம்பாதீங்க, கமர்ஷியல் .223லயும் (5.56ஓட கமர்ஷியல் வடிவம்) சிலது கிரிம்ப்போடதான் வருது. கண்ணால பாக்கறதுதான் கணக்கு.

புது_ப்ரெஸ்

பாத்தேன், நீங்க சொன்னபடியேதான் இருக்கு, நசுங்கினது எல்லாத்துலயும் வட்டத் தடம். சிலதுல குத்தின தடமும் இருக்கு. இப்ப இத எடுக்க ரீமரா ஸ்வேஜரா?

பித்தளை_வேட்டை

ஸ்வேஜ்தான். ரீமர் பித்தளைய வெட்டி எடுக்குது, ஸ்வேஜ் பித்தளைய இருந்த எடத்துக்கே தள்ளி விடுது. வெட்டி எடுத்தது திரும்பி வராது. டில்லான் சூப்பர் ஸ்வேஜ் 600 மாதிரி பெஞ்ச்ல மாட்டுறது ஒண்ணு வாங்கிட்டா ஆயுசுக்கும் ஓடும், இல்லன்னா ஆர்சிபிஎஸ் கம்பெனில ப்ரெஸ்லயே மாட்டுற ஸ்வேஜர் இருக்கு, மெதுவா போகும் ஆனா வேலை ஆகும்.

தூரப்புள்ளி

எல்லா எடத்துலயும் ஸ்வேஜ்தான்னு அடிச்சு சொல்லாதீங்க. ஸ்வேஜ் பண்ணும்போது கேஸுக்குள்ள ஒரு ராட் போய் அடிப்பக்கத்த தாங்கணும், வெளிலருந்து பட்டன் பாக்கெட்டுக்குள்ள அமுக்கணும். அந்த ராட் எவ்ளோ தூரம் உள்ள போகணும்ங்கறது கேஸோட அடிப்பக்கம் எவ்ளோ தடிமன்ங்கறத பொறுத்தது. ஒரு கம்பெனி கேஸ்ல அது தடிமனா இருக்கும் இன்னொண்ணுல மெலிசா இருக்கும். நம்ம புது தம்பி கைல இருக்கறதோ கலப்பு பிராஸ், ஒரு செட்டிங்ல எல்லாத்தயும் தள்ளினா ஒரு ஹெட்ஸ்டாம்புக்கு கிரிம்ப் போயிருக்காது, இன்னொரு ஹெட்ஸ்டாம்புக்கு பாக்கெட் வாய் புனல் மாதிரி விரிஞ்சு போயிருக்கும். ஆக ஸ்வேஜ் வேணும்னா மொதல்ல ஹெட்ஸ்டாம்ப் வாரியா பிரிக்கணும். அந்த வேலைய யாரும் சொல்றதில்ல.

ரீமர்ல அந்த தலைவலி இல்ல. அது கேஸோட உள்தடிமன பாக்கறதே இல்ல, பாக்கெட்ட மட்டும்தான் பாக்குது. நல்ல கட்டர்ல ஒரு ஸ்டாப் இருக்கும், பாக்கெட் தரைல முட்டினதும் நின்னுரும், வாய்ல மட்டும் ஒரு சின்ன சரிவு போட்டுட்டு வந்துரும். கலப்பு பிராஸுக்கு அதான் சுலபம்.

பித்தளை_வேட்டை

ஸ்டாப் இருக்கற கட்டர்னா சரி. கேஸ் வாய் சேம்ஃபர் பண்ற (விளிம்ப சரிச்சு வெட்டற) டூல எடுத்து பாக்கெட்ல சொருகி திருப்புறாங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க? அது எங்க நிக்கும்னு யாருக்கும் தெரியாது. கொஞ்சம் கூடினா சரிவு பெருசாகி பிரைமர் சுவர புடிக்கற எடம் கொறஞ்சு போகும், அப்பறம் அந்த ஓரத்துல வாயு ஒழுகும்.

தூரப்புள்ளி

சேம்ஃபர் டூல்லயும் பண்ணலாம், பலபேர் பண்றாங்க, ஆனா கிரிம்ப் போற அளவுக்கு ஒண்ணு ரெண்டு திருப்பு, அதோட நிறுத்தணும். பளபளன்னு ஒரு கோப்பை வர்ற வரைக்கும் திருப்பற ஆளுங்களுக்கு அது சரிவராது. அத ஒத்துக்கறேன்.

ரெண்டாம்_சுத்து

ரெண்டு பேர் சொல்றதும் ஒரே கதைதான். தம்பி, எது வாங்கினாலும் கூடவே ஒரு ஸ்வேஜ் கேஜ் வாங்கிக்க. ரெண்டு முனை இருக்கற சின்ன கம்பி, கோ முனை பாக்கெட்டுக்குள்ள இறங்கணும், நோ-கோ முனை இறங்கக் கூடாது. கோ இறங்கலன்னா கிரிம்ப் இன்னும் இருக்கு. நோ-கோ இறங்கினா கேஸ் குப்பைக்கு. ஸ்வேஜா ரீமரான்னு இந்த சண்ட எத்தன வருஷம் நடந்தாலும் கேஜ் ஒரே பதில்தான் சொல்லும்.

ஓரமா_ஒக்காந்தவன்

நடுவுல ஒரு கேள்வி, நான் .308 மட்டும்தான் லோட் பண்றேன், கையால போல்ட்ட இழுத்து சுடற ரைஃபிளுக்கு, போல்ட் ஆக்‌ஷன். கிரிம்ப் இல்லாத கமர்ஷியல் பிராஸ். எனக்கு இதுல ஏதாவது வேணுமா இல்ல நேரா பிரைமர் ஏத்திரலாமா? ஒவ்வொரு தடவையும் பாக்கெட்ல இருக்கற கரிய சொரண்டி சொரண்டி விரல் போகுது.

கேலிப்பர்_கை

அந்தக் கரி விஷயத்துல ஆளாளுக்கு ஒரு மதம். என் கருத்து: ஒருதடவ ரெண்டுதடவ சுட்ட கரி ஒண்ணும் பண்ணாது, குரூப் சைஸ்ல (தாள்ல குண்டுங்க விழற பரப்புல) வித்தியாசத்த நான் பாத்ததில்ல. ஆனா பல சுத்து சேரவிட்டா பாக்கெட் தரைல கெட்டியா ஒரு அடை கட்டும், அப்ப பிரைமர் தரைய தொடாம அந்த அடை மேல உக்காரும், உசரமா நிக்கும். அதுக்காகவாவது அப்பப்ப ஒரு ப்ரஷ்ஷோ ஸ்க்ரேப்பரோ விட்டு ஒரு திருப்பு திருப்புங்க. பளபளப்பு தேவையில்ல. தரை தெரிஞ்சா போதும்.

தரை ஏன் முக்கியம்னா, பாக்ஸர் பிரைமருக்குள்ள ஆன்வில்னு ஒரு மூணுகால் தகடு இருக்கு பாருங்க, அதோட கால் பாக்கெட் தரைல அழுத்தமா ஊனி நிக்கணும். ஃபயரிங் பின் அடிக்கும்போது கப்புக்கும் ஆன்விலுக்கும் நடுவுல இருக்கற கலவை நசுங்கிதான் தீப்பிடிக்குது. கால் ஊனலன்னா அடியோட பாதி பலம் பிரைமர உள்ள தள்றதுலயே போயிரும், தேங்காய கல்லு மேல வச்சு அடிக்கறதுக்கும் தலகாணி மேல வச்சு அடிக்கறதுக்கும் உள்ள வித்தியாசம். அதான் மொத அடில வெடிக்காம ரெண்டாவது அடில வெடிக்கற ரவுண்டு வருது. மொத அடி பிரைமர உக்கார வைக்குது, ரெண்டாவது அடி வெடிக்க வைக்குது. ஆளுங்க பிரைமர் கம்பெனிய திட்டுவாங்க, பாவம்.

தூரப்புள்ளி

அந்த எடத்துலதான் யூனிஃபார்மர் வருது. எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. (அமெரிக்க தோட்டா தர அமைப்பு) அளவுப்படி லார்ஜ் ரைஃபிள் பாக்கெட் ஆழம் 0.125லருந்து 0.132 இன்ச் வரைக்கும் இருக்கலாம், ஸ்மால் ரைஃபிள் 0.117லருந்து 0.123. அதாவது லார்ஜ்ல ஒரே டப்பால ரெண்டு கேஸுக்கு நடுவுல ஏழாயிரத்துல ஏழு பங்கு, சாரி, ஆயிரத்துல ஏழு பங்கு இன்ச் வித்தியாசம் இருந்தாலும் அது ஸ்பெக்குக்குள்ளதான். அப்பறம் ஃபேக்டரில பாக்கெட்ட பஞ்ச் பண்ணும்போது தரையும் சுவரும் சேர்ற மூலை கொஞ்சம் உருண்டையா வரும், தரை லேசா கிண்ணம் மாதிரியும் இருக்கும். யூனிஃபார்மர் கார்பைட் கட்டர் அத சமமா வெட்டி மூலைய சதுரமாக்கி எல்லா கேஸயும் ஒரே ஆழத்துக்கு கொண்டாந்துரும். புது பிராஸ்ல ஒருதடவ பண்ணினா போதும், அதுக்கப்பறம் அதே கட்டர் கரி சொரண்டறதுக்கும் ஆகும். ஒரே டூல் ரெண்டு வேலை.

தூரத்துல சுடறவங்களுக்கு இது வேணும்ங்கறது என் கட்சி.

ரெண்டாம்_சுத்து

உங்க கட்சி பெருசு, ஆனா 100 கஜத்துல தாள்ல ஓட்ட போடற ஆளுக்கு அது வேணாம்ங்கறது என் கட்சி. பிரைமர் ஏத்தும்போது கை சொல்றத கேட்டா போதும், தரைல கால் ஊனினது விரல்ல தெரியும், அதுக்கப்பறம் ஒரு மயிரிழை அழுத்தம். ஆழம் கொஞ்சம் கூடக் கொறைய இருந்தாலும் கையால உக்கார வைக்கறவன் தரை வரைக்கும் கொண்டுபோயிருவான். கை உணர்ச்சி இல்லாத லிவர் வச்சு ஒரே உசரத்துக்கு தள்றவனுக்குதான் ஒரே ஆழம் அவசியம்.

தூரப்புள்ளி

கை உணர்ச்சி கரெக்ட். ஆனா தரை சாஞ்சிருந்தா கை என்ன பண்ணும்? சரி விடுங்க, இது முடியாத வாதம். பெஞ்ச்ரெஸ்ட் (மேஜைல வச்சு துல்லியமா சுடற போட்டி) ஆளுங்க பண்றாங்க, ஜெயிக்கறாங்க, ஜெயிக்கறது அதனாலதானான்னு கேட்டா அவங்களே சிரிப்பாங்க. அவங்க இன்னும் ஐம்பது விஷயம் கூடவே பண்றாங்க.

மெதுவா_அழுத்து

எல்லாரும் சுத்தி சுத்தி பேசறீங்க, உயிருக்கு முக்கியமான ஒண்ண யாரும் இன்னும் சொல்லல. இழைய ஆரம்பிச்சவர் 5.56ங்கறார். ஏஆர்லதான் (ஏஆர்-15 செமி ஆட்டோ ரைஃபிள்) சுடப்போறார்னு நெனைக்கறேன். அப்ப கேளுங்க.

ஏஆர்-15, எம்1 காரண்ட், எம்1ஏ இதுல எல்லாம் ஃபயரிங் பின்ன பின்னால இழுத்து புடிக்க ஸ்ப்ரிங் கெடையாது, அது சும்மா மெதக்குது. போல்ட் வேகமா முன்னால போய் நிக்கும்போது பின் அந்த வேகத்துலயே முன்னால வந்து பிரைமர லேசா தொடும். சந்தேகம் இருந்தா உங்க துப்பாக்கில சுட்டுட்டு வந்த ரேஞ்ச்லயே, குழாய் பாதுகாப்பான பக்கம் இருக்கும்போது, ஒரு ரவுண்ட சேம்பர் பண்ணி சுடாம வெளில எடுத்து பாருங்க, பிரைமர்ல ஒரு சின்ன பொட்டு இருக்கும். சரியா உக்காந்த பிரைமருக்கு அந்தப் பொட்டு ஒண்ணுமில்ல. ஆனா கேஸ் ஹெட்டுக்கு மேல துருத்திட்டு நிக்கற பிரைமர்னா போல்ட் பூட்டறதுக்கு முன்னாடியே அடி விழலாம். ட்ரிகர தொடாமயே வெடிக்கும். போல்ட் முழுசா பூட்டாத நேரத்துல வெடிச்சா துப்பாக்கி சிதறும், பக்கத்துல இருக்கறது உங்க மூஞ்சி.

அதனால பிரைமர் ஹெட்டுக்கு சமமா இருந்தா பத்தாது, கொஞ்சம் கீழ இருக்கணும், 0.003லருந்து 0.005 இன்ச் வரைக்கும் கீழன்னு பொதுவா வச்சுக்கலாம். ஒவ்வொரு கேஸயும் ஏத்தி முடிச்சதும் விரல் நுனியால ஒரு தடவு தடவுங்க, பள்ளம் தெரியணும். அப்பறம் ஒரு தட்டையான மேஜைல நிக்க வைங்க, ஆடினா பிரைமர் துருத்திட்டு இருக்கு. இதுக்கு எந்த டூலும் வேணாம், காசும் வேணாம். செமி ஆட்டோக்கு கொஞ்சம் மந்தமான பிரைமரா வேணும்னா சிசிஐ கம்பெனியோட 41 ஸ்மால்ல இருக்கு, 34 லார்ஜ்ல இருக்கு, மிலிட்டரி சென்சிட்டிவிட்டிக்குன்னே பண்றது. ஆனா அத வாங்கிட்டேன் இனி தடவிப் பாக்க வேணாம்னு நெனச்சுராதீங்க.

புது_ப்ரெஸ்

ஆமா ஏஆர்தான். இத மொத பதிலாவே போட்டிருக்கணும் போல. ரெண்டு கேள்வி. ஒண்ணு, ஏற்கனவே சாஞ்சு நசுங்கி உக்காந்த பிரைமர் இருக்கற கேஸ் சிலது இருக்கு, பவுடர் புல்லட் ஒண்ணும் போடல, பிரைமர் மட்டும். இத ஸ்வேஜர்ல வச்சு இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளிரலாமா? ரெண்டு, ஃப்ளாஷ் ஹோல் டீபர் பத்தி யாரும் சொல்லலயே.

மெதுவா_அழுத்து

தள்ளாதீங்க. உயிரோட இருக்கற பிரைமர் மேல ஸ்வேஜர், சுத்தியல், வைஸ் எதுவும் படக்கூடாது. நசுங்கின பிரைமர் ஏற்கனவே மனசு சரியில்லாம இருக்கு.

எடுக்கணும்னா கண்ணாடி போட்டு, காதுக்கும் ஏதாவது போட்டு, டீகேப் டைல (ப்ரெஸ்ல மாட்டற அச்சுல) ஒவ்வொண்ணா மெதுவா, தொடர்ந்த அழுத்தமா லிவர எறக்குங்க, இடிக்காதீங்க. மூஞ்சி கேஸுக்கு நேர் மேல இருக்கக் கூடாது. பக்கத்துல பவுடர் டப்பாவோ பிரைமர் ட்ரேயோ இருக்கக் கூடாது, செலவான பிரைமர் நெறஞ்ச டப்பாவ காலி பண்ணிட்டு ஆரம்பிங்க. எறங்க ரொம்ப அடம் புடிச்சுதுன்னா விட்டுருங்க. அப்படியும் மனசு ஒப்பலன்னா துப்பாக்கில போட்டு, காலி கேஸோட, ரேஞ்ச்ல பாதுகாப்பான பக்கம் பாத்து சுட்டுட்டு அப்பறம் எடுங்க, ஆனா துருத்திட்டு நிக்கறத அதுக்கும் போடாதீங்க. வெளில வந்த பிரைமர திரும்ப யூஸ் பண்ணாதீங்க.

கேலிப்பர்_கை

ஃப்ளாஷ் ஹோலுக்கு வர்றேன். பெரும்பாலான கேஸ்ல அந்த ஓட்டைய பஞ்ச் பண்ணி போடறாங்க, பாக்கெட் பக்கத்துலருந்து உள்பக்கமா. அதனால கேஸுக்குள்ள ஓட்டைய சுத்தி ஒரு கிழிசல் விளிம்பு நிக்கும், சிலதுல பித்தளைத் துணுக்கு பாதி ஓட்டைய மூடிட்டே நிக்கும். டீபர் டூல கேஸ் வாய் வழியா விட்டு ரெண்டு திருப்பு திருப்பினா அது போயிரும். கேஸ் ஆயுசுக்கு ஒரே ஒருதடவதான். வாங்கறதா இருந்தா கவனிங்க, சில டூல் கேஸ் வாய்ல தடுத்து ஆழத்த கணக்கு பண்ணும், அதுக்கு கேஸ் எல்லாம் ஒரே நீளத்துக்கு ட்ரிம் பண்ணியிருக்கணும், இல்லன்னா ஒண்ணுல ஆழமா வெட்டும் ஒண்ணுல தொடவே தொடாது. கேஸ் அடிலயே தடுக்கற டூல் இருந்தா அந்தப் பிரச்சன இல்ல.

அவசியமான்னா, உங்க உபயோகத்துக்கு இல்ல. ஆனா டார்ச் அடிச்சு உள்ள ஒருதடவ பாக்கறது அவசியம். ஓட்டை நடுவுல இல்லாம ஓரத்துல இருந்தாலோ, ரெண்டு ஓட்ட இருந்தாலோ தூக்கி போட்டுருங்க.

பித்தளை_வேட்டை

ரெண்டு ஓட்டைனா பெர்டான். டீகேப் பின் உடைஞ்சாதான் பலபேருக்கு அது தெரியவரும். பெர்டான்ல ஆன்வில் கேஸோடயே சேந்து பாக்கெட் நடுவுல மொட்டு மாதிரி நிக்கும், ரெண்டு பக்கமும் சின்ன ஓட்ட. பெர்டான் அமெரிக்காக்காரர், பாக்ஸர் பிரிட்டிஷ்காரர், ரெண்டு பேரும் 1866 வாக்குல ஆளுக்கொரு முறைய கொண்டுவந்தாங்க, கடைசில அமெரிக்காவுல பாக்ஸர் நின்னுச்சு, ஐரோப்பாவுல பல நாட்டு ராணுவம் பெர்டானோட போயிருச்சு. வரலாறு இப்படியும் குறும்பு பண்ணும்.

ஸ்டீல் கேஸ் கலந்திருந்தா ஒரு காந்தம் விட்டு மொதல்லயே பொறுக்கிருங்க.

ஓரமா_ஒக்காந்தவன்

டீகேப் பின் உடையறதுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. என் .308ல லாபுவா கம்பெனியோட பால்மா பிராஸ் கொஞ்சம் சேந்துச்சு, அதுல பின் உள்ள போய் சிக்கி கேஸ மேல தூக்கிட்டு வருது. பாக்கெட்டும் சின்னதா இருக்கு. இது என்ன கணக்கு?

தூரப்புள்ளி

பால்மா பிராஸ் ஸ்மால் ரைஃபிள் பிரைமர் எடுக்கும், ஃப்ளாஷ் ஹோலும் சின்னது, 0.059 இன்ச் வாக்குல, அதாவது 1.5 மில்லி. சாதாரண ஓட்ட 0.080, ரெண்டு மில்லி. லாபுவா 6 எம்எம் பிஆர், .220 ரஷ்யன், 6.5 கிரெண்டல், ஸ்மால் பிரைமர் 6.5 கிரீட்மோர் எல்லாம் இதே சின்ன ஓட்டதான். அதுக்குன்னு மெலிசான டீகேப் பின் கிடைக்குது, அத மாத்துங்க. பின்னுக்காக ஓட்டைய ட்ரில் பண்ணி பெருசாக்காதீங்க, அதுக்காகத்தான் காசு குடுத்து வாங்கியிருக்கீங்க. டீபர் டூலும் சாதாரணது அதுல போகாது, போகவும் வேணாம், அந்த பிராஸ்ல உள்ள சுத்தமாத்தான் வருது.

உங்க மத்த .308 லார்ஜ். ரெண்டையும் தனித்தனி டப்பால வைங்க. பாக்கெட் விட்டம் ஸ்மால் ஏறக்குறைய 0.175, லார்ஜ் 0.210, கண்ணுக்கே தெரியும், ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு தூக்கக் கலக்கத்துல ஏத்தும்போது தெரியாது.

ரெண்டாம்_சுத்து

அதோட சேத்து இன்னொண்ணு. லார்ஜ் ரைஃபிளும் லார்ஜ் பிஸ்டலும் ஒரே விட்டம், ஆனா ரைஃபிள் பிரைமர் உசரம் கூட, பிஸ்டல் பாக்கெட்ல போட்டா துருத்தும். ஸ்மால்ல ரெண்டும் உருவத்துல ஒண்ணேதான், உள்ள கச்சிதமா போகும், ஆனா பிஸ்டல் பிரைமரோட கப் மெலிசு, ரைஃபிள் பிரஷருக்கு ஓட்ட விழும். உள்ள போச்சேன்னு ஏத்தாதீங்க.

புது_ப்ரெஸ்

ரீமரும் கேஜும் வாங்கியாச்சு, கலப்பு பிராஸுக்கு அதான் தோதுன்னு தோணிச்சு. நல்லாவே வேலை செய்யுது, ட்ரில்ல மாட்டி மெதுவா ஓட்டறேன், இப்ப பிரைமர் வெண்ணெய்யா எறங்குது. ஆனா புதுசா ஒரு கவலை. சில கேஸ்ல ரொம்பவே சுலபமா எறங்குது, கட்டை விரல்லயே தள்ளிரலாம் போல. கேஜோட நோ-கோ முனை சிலதுல இறங்குது, சிலதுல வாய்ல நிக்குது.

பித்தளை_வேட்டை

நோ-கோ இறங்கினது எல்லாம் குப்பைக்கு, யோசிக்கவே வேணாம். நிக்கறதுல கை உணர்ச்சி இல்லன்னா அதையும் போடுங்க, பித்தளை மலிவு. பாக்கெட் தளர்றதுக்கு முக்கால்வாசி காரணம் பிரஷர். அதிக பிரஷர்ல சுட்ட கேஸ்ல ஹெட்டே விரிஞ்சிருக்கும், பாக்கெட்டும் கூடவே விரியும். உங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடி அது எந்தத் துப்பாக்கில சுட்டதுன்னு தெரியாது இல்ல. உங்க சொந்த லோட்ல ஒரு ரெண்டு மூணு சுத்துலயே பாக்கெட் தளர்ந்தா அது கேஸோட குத்தம் இல்ல, லோட் சூடா இருக்கு, கொறைங்க.

தளர்ந்த பிரைமர் ஏஆர்ல கழண்டு விழுந்தா நேரா ட்ரிகர் குரூப்புக்குள்ள போய் உக்காரும், அப்பறம் துப்பாக்கி என்ன பண்ணும்னு சொல்ல முடியாது. பாக்கெட்ட திரும்ப இறுக்கறேன்னு கேஸ் ஹெட்ட குத்தி அமுக்கறவங்களும் இருக்காங்க, அந்த வேலையே வேணாம். ஹெட் விரிஞ்ச பித்தளை விரிஞ்சதுதான்.

ஓரமா_ஒக்காந்தவன்

கேஸ சூடு பண்ணி அனீல் பண்ணினா சரியாகாதா?

பித்தளை_வேட்டை

ஐயோ. அனீல் பண்றது கழுத்துக்கும் தோளுக்கும் மட்டும். ஹெட் கெட்டியா இருந்தாதான் பிரஷர தாங்கும், அங்க சூடு போனா மெத்துன்னு ஆயிரும், அப்பறம் அந்தக் கேஸ் ஒரு குண்டு.

மெதுவா_அழுத்து

க்ளீனிங் பத்தியும் ஒரு வார்த்த, யாரும் தொடாத பக்கம். டீகேப் பண்ணினதுக்கப்பறம் ஸ்டெயின்லெஸ் பின் போட்டு தண்ணில டம்பிள் பண்ணினா பாக்கெட் தானாவே சுத்தமாயிரும், சொரண்டவே வேணாம், அதுக்கு யுனிவர்சல் டீகேப் டை ஒண்ணு இருந்தா அழுக்கு கேஸ சைஸிங் டைக்குள்ள விட வேணாம். ஆனா முழுசா காயணும், பாக்கெட் மூலைலயும் ஓட்டைலயும் தண்ணி நிக்கும். பின் ஒண்ணு உள்ள சிக்கியிருக்கான்னும் பாக்கணும். ட்ரை மீடியானா, சோளத்தக்கையோ வால்நட் தோலோ, ஓட்டைல ஒரு துணுக்கு மாட்டிக்கும், ஒவ்வொண்ணா குத்தி எடுக்கணும். அதனால ட்ரைல போடறவங்க பிரைமர எடுக்காமயே போட்டுட்டு அப்பறம் டீகேப் பண்ணுவாங்க.

இதுல நெஜமான விஷயம் ஈயம். பிரைமர் கலவைல லெட் ஸ்டிஃப்னேட் இருக்கு, சுட்டதுக்கப்பறம் பாக்கெட்ல நிக்கற கருப்புத் தூள்ல ஈயம் இருக்கு. ட்ரை டம்ப்ளர் மூடிய வீட்டுக்குள்ள தொறந்து சலிச்சா அந்தத் தூசிய மூச்சுல இழுக்கறீங்க. பாக்கெட் சொரண்டற தூளயும் வாயால ஊதாதீங்க. கை கழுவாம சாப்பாட்ட தொடாதீங்க, குழந்தைங்க தவழற எடத்துல இந்த வேலை வேணாம், கழுவின அழுக்குத் தண்ணியயும் சமையல் தொட்டில ஊத்தாதீங்க.

அம்மோனியா கலந்த பாலிஷ் போட்டு தேய்க்காதீங்க. பித்தளைக்கு அது எமன். பிரிட்டிஷ் ஆட்சில இந்தியாவுல குதிரை லாயத்துல வச்சிருந்த தோட்டா கேஸ் எல்லாம் மழைக்காலத்துல தானா விரிசல் விட்டுச்சாம், குதிரை மூத்திரத்துலருந்து கெளம்பற அம்மோனியாதான் காரணம்னு 1921லதான் தெளிவா சொன்னாங்க. உங்க கேஸும் அதே எழுபதுக்கு முப்பது செம்பு துத்தநாகம்தான்.

புது_ப்ரெஸ்

ஸ்டீல் பின்தான் போடறேன், சாதாரண பாத்திரம் கழுவற சோப்புத் தண்ணி. ரீமர் ஓட்டினதுல சீவல் கொஞ்சம் ஃப்ளாஷ் ஹோல்ல சிக்கிட்டு இருக்கு, அதனால இப்ப வரிசைய மாத்திட்டேன், டீகேப், ரீமர், அப்பறம்தான் டம்ப்ளர். கேஸ் காஞ்சதுக்கப்பறம்தான் சைஸிங். இதுல தப்பு ஏதும் இருக்கா?

கேலிப்பர்_கை

ஒண்ணும் இல்ல. சைஸிங் டைல டீகேப் பின்ன கழட்டாம விட்டு வைங்க, பழைய பிரைமர் இல்லன்னாலும் அந்தப் பின் ஓட்டைல போய் சிக்கியிருக்கற சீவலயோ டம்ப்ளர் பின்னையோ தள்ளி விட்டுரும். சைஸிங் லூப்ரிகன்ட் பாக்கெட்டுக்குள்ள போகாம மட்டும் பாத்துக்கோங்க, எண்ணெய் பட்ட பிரைமர் வெடிக்காம போகலாம், துடைச்சுட்டு ஏத்துங்க.

ரெண்டாம்_சுத்து

கிரிம்ப் எடுத்த கேஸயும் இனிமே வர்ற கிரிம்ப் கேஸயும் கலந்துராத தம்பி. எடுத்தது எல்லாத்துக்கும் ஹெட்ல மார்க்கர்ல ஒரு கோடு போடு. கிரிம்ப் ஒருதடவ எடுத்தா முடிஞ்சுது, அடுத்த சுத்துக்கு திரும்ப ரீமர் விட வேண்டியதில்ல, விட்டா பாக்கெட்தான் பெருசாகும்.

புது_ப்ரெஸ்

டம்ப்ளர்ல போட்டா மார்க்கர் அழிஞ்சுராதா?

ரெண்டாம்_சுத்து

அழியும். அப்ப டப்பா மேல எழுது.